பள்ளி வளர்ச்சித் திட்டம்: கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை எழுதிவிடாதீர்கள்

கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு. பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கான தீர்மானங்களை மதிய உணவு இடைவேளையிலேயே பதிவேட்டில் எழுதி முடித்திருந்தேன்: சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, குடிநீர்த் தொட்டி. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் ஆசிரியர் பிரதிநிதியான முதல் ஆண்டு அது. வந்திருந்த தாய்மார்கள் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். கடைசியாக வந்த ஓர் அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. என் மகள் அதனாலேயே பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. அதை எழுதியிருக்கிறீர்களா?"

எழுதவில்லை. நாள்தோறும் அந்தக் கதவைக் கடந்துதான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முன்கூட்டியே தீர்மானம் எழுதுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21-இல், குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 22 வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அந்தக் குழுவிடமே தருகிறது. அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அதுவே அடிப்படை என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேருடன் மறுகட்டமைக்கப்பட்ட குழு, 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 பேராக விரிந்தது. இத்தனை பேரை அழைத்து உட்காரவைத்துவிட்டு, எழுதி முடித்த தாளை நீட்டினால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? கையெழுத்துத்தான் போடுவார்கள். தீர்மானப் பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் கால்மணி நேரம் அமைதி நீடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியது ஆசிரியர்தான்.

நேரத்தைக் குறிப்பதிலும் தவறு நடக்கிறது. வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போன தாய்மார்கள் 3 மணிக்கு வரமாட்டார்கள். வராதவர்களை "அக்கறையில்லாதவர்கள்" என்று ஆசிரியர் அறையில் பேசுவது பெரிய அநியாயம். அவர்களுக்கு எந்த நேரம் தோதாக இருக்கும் என்று ஒரு வாரம் முன்பே கேட்டாலே வருகை கூடும். வந்தவர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள்.

அடுத்த தவறு எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. திட்டத்தில் சுவர் இருக்கும், குழாய் இருக்கும், மேசை இருக்கும். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதற்கு ஒரு வரியும் இருக்காது. "படிப்பு விஷயம் ஆசிரியர்களுடையது, பெற்றோருக்குப் புரியாது" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பேசினாலும் கற்றல் விளைவு, அடைவு நிலை, அரும்பு, மொட்டு, மலர் (கற்றல் நிலைகளின் பெயர்கள்) என்று பயிற்சி வகுப்பின் சொற்களிலேயே பேசுகிறோம்.

ஒரு கூட்டத்துக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை, பெயர் தெரியாதபடி மூடி, எடுத்துப்போனேன். அதிலிருந்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன்: 52 - 37 = 25. கடன் வாங்கிக் கழிக்காமல், எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது குழந்தை. வகுப்பில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "என் மகள் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறாளே!" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த வழி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பத்து ரூபாய், ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துக் கழித்தல், டிசம்பருக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்பு என்று எழுதினோம். ஒரு தாத்தா வாரம் இரண்டு நாள் மாலையில் வந்து உட்கார ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிடுவதும், பெற்றோரைச் சந்தித்து அதைச் சொல்வதும் அதே சட்டத்தின் பிரிவு 24 ஆசிரியருக்கு விதிக்கும் கடமைகள். அதனால் தலைமை ஆசிரியரும் ஒரே ஒரு ஆசிரியரும் மட்டும் திட்டத்தை எழுதிவிட்டு, மற்றவர்களிடம் கடைசியில் காட்டுவது சரியில்லை. எந்தப் பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை, யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதெல்லாம் வகுப்பாசிரியர் நெஞ்சில்தான் இருக்கும். கூட்டத்துக்கு முன் எல்லா ஆசிரியர்களும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து இதைத் தொகுத்துக்கொள்ளுங்கள். இது தகவல் திரட்டல் மட்டுமே, தீர்மானம் கூட்டத்தில்தான்.

மாணவர் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி, வளர்ச்சித் திட்டம் என்பது 3 ஆண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற மதிப்பீடு அதில் வேண்டும். கூடுதல் ஆசிரியரையும் வகுப்பறையையும் கேட்பதற்கு அந்த எண்தான் ஆதாரம். பலர் போன ஆண்டின் எண்ணையே திரும்ப எழுதிவிடுகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் ஒரு முறை போய்க் கேளுங்கள். எத்தனை பேருக்கு அடுத்த ஜூனில் 5 வயது நிறையும், எந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போகிறது என்று பெயர் சொல்லிச் சொல்வார். நிதியாண்டு முடியக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

எழுதிய திட்டத்தை மறுபடி திறக்காமல் விடுவதுதான் பெற்றோரின் நம்பிக்கையைக் கெடுக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தையும் போன கூட்டத்தின் தீர்மானங்களை உரக்கப் படித்துத் தொடங்குங்கள்: எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன். நிதி வரவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

அந்தத் தாழ்ப்பாளை நிதிக்குக் காத்திராமல் மூன்றாம் நாளே போட்டோம். அடுத்த கூட்டத்தில் அந்த வரியை முதலில் படித்தேன். அந்த அம்மா தலையசைத்துவிட்டு, இந்த முறை பேனாவைத் தொடாமல், "உள்ளே ஒரு வாளியும் வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர்" என்றார்.