ஜாவா கிராமத்தில் வீடும் வயலும் பிடித்துக் குடியேறப் போகிறவர்களுக்கு

ஜாவாவில் வேலைக்கு வந்த இடத்தில் கல்யாணமாகி, அல்லது நகரத்து நெரிசல் அலுத்துப்போய், பேசாமல் கிராமத்தில் ஒரு வீட்டைப் பிடித்து கொஞ்சம் வயலையும் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் மனதில் இருப்பவை க்ளாத்தென், பந்துல், ஸ்ராகென் பக்கத்து நெல் கிராமங்கள். மேற்கு ஜாவாவில் பேச்சும் பழக்கமும் வேறு, நிலச் சட்டம் ஒன்றுதான்.

ஊருக்குள் போனதும் முதல் வேலை பாக் எர்தே வீட்டுக்குப் போவது. எர்தே என்பது சில பத்து வீடுகள் சேர்ந்த ஒரு அக்கம்பக்கக் குழு, அதன் தலைவர்தான் பாக் எர்தே. ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றைக்கும் ஊர் இதில்தான் ஓடுகிறது. வெளியாள் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று தெருமுனையிலேயே பலகை வைத்திருப்பார்கள், அதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். மக்ரிப் தொழுகை முடிந்த பிறகு, பாஸ்போர்ட், தங்கும் அனுமதி நகல்களோடு, கொஞ்சம் சர்க்கரையும் தேயிலைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போங்கள். காகிதத்தை நீட்டிவிட்டு உடனே கிளம்பாமல் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வரவேண்டும். தம்பதியாகப் போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஊரில் நடப்பதெல்லாம் பெண்களின் அரிசான் சீட்டுக் கூட்டத்துக்குத்தான் முதலில் வந்துசேரும்.

வாடகை வீடு பெரும்பாலும் வருடக் கணக்குதான், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். 10,000 ரூபியா முத்திரை ஒட்டி இரண்டு பிரதி எழுதி, பாக் எர்தேயைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். 2006 மே 27 காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு வந்த நிலநடுக்கத்தில் பந்துல், க்ளாத்தென் பகுதிகளில் 5,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் கம்பி இல்லாத செங்கல் சுவர் விழுந்துதான். மூலைகளில் கான்கிரீட் தூண் இருக்கிறதா, சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா என்று கேளுங்கள். கூரைக்குக் கீழே முக்கோணமாக எழும் பக்கச் சுவர் வெறும் செங்கலாக நின்றால் அதன் அடியில் கட்டிலைப் போடாதீர்கள். பழைய மரத்தூண் லிமாசான் வீடு கிடைத்தால், கரையான் அரிக்காமல் இருந்தால், யோசிக்காமல் எடுக்கலாம் என்பது என் கருத்து.

சரி, நிலம். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் சிக்குகிறார்கள். வெளிநாட்டுக் குடிமகனுக்கு ஹக் மிலிக், அதாவது முழு உரிமை, கிடையாது. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் இதில் வெகு தெளிவு. ஹக் பகாய் என்ற பயன்பாட்டு உரிமையும் வாடகையும்தான் நமக்கு. "என் மச்சான் பெயரில் வாங்கிப் போடலாம், தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வார். அது பினாமி, அதே சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. இந்தோனேசியரைக் கல்யாணம் செய்திருந்தாலும் சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் பெயரில் ஹக் மிலிக் வாங்கலாம். முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விளைநிலம் என்றால் இன்னொரு நிபந்தனையும் உண்டு: வாங்குகிறவர் அந்த கெச்சமத்தானிலோ (நம் ஊர் வட்டம் மாதிரி) ஒட்டிய கெச்சமத்தானிலோ குடியிருக்க வேண்டும், ஜகார்த்தாவில் இருந்துகொண்டு வயல் வாங்கக் கூடாது.

காகிதம் என்று எதைக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். ஊர் அலுவலகத்தின் பழைய லெட்டர் சே பதிவு, கிரிக், நிலவரி ரசீது, இதெல்லாம் வரி கட்டியதற்குத்தான் அத்தாட்சி. நில அலுவலகம் கொடுத்த செர்திபிகாட் வேண்டும், அதில் யார் பெயர் என்பது இன்னும் முக்கியம். பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். உங்களிடம் கைகுலுக்கிப் பணம் வாங்குகிறவர் ஆறு பிள்ளைகளில் ஒருவராக இருப்பார், லெபாரானுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, ஊர் திரும்பும் அண்ணன் வந்து வாசலில் நிற்பார். வாங்குவதோ குத்தகையோ, எல்லா வாரிசுகளும் பாலாய் தேசா என்ற ஊர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கைமாற வேண்டும்.

வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, எடுப்பது இங்கே சாதாரணம். மாரோ என்றால் பாதிப் பாதி, மெர்தெலு என்றால் மூன்றில் ஒரு பங்கு. விதையும் உரமும் யார் செலவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், ஒப்பந்தம் உள்ளூர்த் துணையின் பெயரில் இருக்கட்டும், உங்கள் விசா வேலை செய்ய அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாக ஒரு வயல் வந்தால் பெங்கோக் நிலமா என்று கேளுங்கள். அது ஊர்த்தலைவர், செயலர் போன்றவர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்ட நிலம், பதவி போனால் வயலும் போய்விடும். ஒத்திக்கு எடுக்கச் சொன்னாலும் சட்டம் தெரிந்துகொண்டு எடுங்கள்: ஏழு வருடம் ஒத்தியில் இருந்த வயலை அறுப்பு முடிந்ததும் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும் என்பது 1960இலிருந்து உள்ள விதி. பரப்பளவை சதுர மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். பாத்தோக் என்றும் கெசுக் என்றும் வாயால் சொல்லும் அளவுகள் ஊருக்கு ஊர் மாறும்.

வரப்பையும் விடக் கூடாது. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் மண்வெட்டியால் வரப்பை ஒரு விரல் அகலம் சீவிக்கொண்டே போவார், கெட்ட எண்ணம்கூட இருக்காது, களை எடுப்பது போலத்தான் இருக்கும், பத்து வருடத்தில் பார்த்தால் ஒரு வரிசை நாற்று நடும் அளவுக்கு எல்லை நகர்ந்திருக்கும். மூலையில் கான்கிரீட் கல் நட்டு, இரண்டு பக்கத்துக்காரரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் தகராறு வந்தால் நீங்களே மடையை அடைக்கவோ திறக்கவோ வேண்டாம், உலு-உலு என்று ஒருவர் அதற்கென்றே இருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கிராமங்களில் நான் பாம்பைவிட அதிகம் பயப்படுவது கம்பிக்குத்தான். எலித் தொல்லை தாங்காமல் வயலைச் சுற்றி மெல்லிய கம்பி இழுத்து 220 வோல்ட் மின்சாரத்தை அப்படியே விடுகிறார்கள். ஸ்ராகென், ஙாவி, போஜோநெகோரோ பக்கம் இதில் செத்த விவசாயிகள் ஏராளம், பலர் தாங்களே கட்டிய கம்பியில்தான். போலீஸ் தடை செய்தும் நிற்கவில்லை. கம்பி முழங்காலுக்கும் கீழே, குச்சியில் சுற்றி, நெல் தாளோடு தாளாகக் கிடக்கும், பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் இருட்டில் வரப்பில் நடக்காதீர்கள், உங்கள் வயலுக்குக்கூட. யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். வேறு வழி இல்லாமலும் இல்லை. தெமாக் மாவட்டத்தின் த்லோகொவெரு கிராமத்தில் வயல் நடுவே கம்பம் நட்டு மரப்பெட்டிகளில் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து எலி வேட்டையாடும் க்ரோப்யோகானும் உண்டு, கூப்பிட்டால் போங்கள். வயல் சேற்றில் இறங்கிய சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், புஸ்கெஸ்மாஸ் என்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயலில் இறங்கியதைச் சொல்லியே காட்டுங்கள்.

இரவுக் காவலுக்கு ரோண்டா. ஆண்கள் முறைவைத்துச் சாவடியில் உட்கார்ந்து காப்பி, கப்ளே என்ற டோமினோ ஆட்டம், நடுநடுவே தெருவைச் சுற்றி வருவார்கள். வாசலில் தொங்கும் சின்ன டப்பாவில் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியோ 500 ரூபியா நாணயமோ போட்டுவைப்பார்கள், அதுதான் ஜிம்பித்தான். வசூலாவது ஊர்ப் பொதுச்செலவுக்குப் போகும், ஆனால் உண்மையான பயன் வேறு: ஒரு வீட்டு டப்பா நாலு நாளாகக் காலி என்றால் அங்கே என்ன ஆச்சு என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் முறைக்குப் போக முடியாவிட்டால் பொரித்த பலகாரமாவது வாங்கி அனுப்புங்கள். மூங்கிலிலோ மரத்திலோ செய்த கெந்தோங்கானை விடாமல் வேகமாகத் தட்டினால் ஆபத்து என்று பொருள், தீயா திருட்டா என்பதற்கான தட்டு வரிசை பல ஊர்களில் சாவடிச் சுவரிலேயே எழுதியிருக்கும். திருடன் பிடிபட்டால் கூட்டத்தில் நிற்காதீர்கள். அடித்தே கொன்ற சம்பவங்கள் உண்டு, வழக்கு வந்தால் வெளிநாட்டுக்காரர் முகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போலீஸுக்கு 110. ஈதுல் அத்ஹா நெருங்கினால் ஆடு மாடு திருட்டு கூடும், பந்துல் பக்கம் மாடுகளை ஒரே பொதுக் கொட்டிலில் கட்டி முறைவைத்துக் காவல் காக்கிறார்கள், உங்கள் ஊரிலும் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

சாவுக்கு மட்டும் கட்டாயம் போய்விடுங்கள், தெரிந்தவரோ இல்லையோ. கல்யாண மொய்யை நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்யும் கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெராப்பி எரிமலை அடிவாரத்தில் இருந்தால் நான்கு எச்சரிக்கை நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: நார்மல், வஸ்பாதா, சியாகா, அவாஸ். அவாஸ் என்றால் மாட்டைப் பார்க்கக்கூடத் திரும்பக் கூடாது. 2010 நவம்பரில் சூட்டு மேகம் கெண்டோல் ஆற்றுப் பாதையில் சுமார் 15 கிலோமீட்டர் இறங்கியது, அந்த வெடிப்பில் 350 பேருக்கு மேல் போனார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலையில் மழை கொட்டினால் ஆற்றில் லஹார் சேறு வரும், அப்போது மணல் அள்ளும் இடத்தில் நிற்கக் கூடாது.

கடைசியாகப் பாம்பு. மழை தொடங்கும் மாதங்களில் நாகக் குட்டிகள் குளியலறை வரை வரும், கட்டுவிரியன் இனத்து வெலிங் இரவில் வீட்டுக்குள் நுழைந்து பாயில் கிடப்பவரைக் கடிக்கும், வலிகூட அதிகம் தெரியாது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அந்தக் கை கால் அசையாமல் கட்டை வைத்து, 119க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். புஸ்கெஸ்மாஸில் விஷமுறிவு மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று குடியேறிய வாரத்திலேயே விசாரித்துக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள்.