மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து விஞ்ஞானியை எடைபோடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு மருத்துவ ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் மூன்று எண்கள் நிற்கும்: மொத்த மேற்கோள்கள் (அவர் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டுள்ளன என்ற கணக்கு), எச்-இன்டெக்ஸ் (விளக்கம் கீழே), ஐ10-இன்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை). வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் பிஎச்டி வழிகாட்டி தேடும் மாணவர்களும் பெரும்பாலும் அந்த மூலையைத் தாண்டிப் போவதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, மேற்கோள் அதிகம் என்றால் கண்டுபிடிப்பும் பெரிது என்று நினைப்பது. 2014ல் ‘நேச்சர்’ இதழ், உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம் ஆலிவர் லோரியும் கூட்டாளிகளும் 1951ல் எழுதிய கட்டுரைக்கு. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லோரியே சொல்லியிருக்கிறார். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டு வாட்சன்–கிரிக் கட்டுரைக்கோ அந்த நூறில் இடமே இல்லை. அளக்கும் முறையைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரிய கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் யாரும் மூலக் கட்டுரையைத் தேடிப் போவதில்லை.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1925ல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறை எழுதினார். மாதிரியில் அமிலத்தோடு மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கும் பொருள் ஒன்றையும் விட்டால் நீலம் பூக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட் அவ்வளவு. இந்தக் கட்டுரைக்குப் பல்லாயிரம் மேற்கோள்கள். அப்புறம் அவர் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போய், அங்கே அவரது குழு அமினோப்டெரின் மருந்தை உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் கிடையாது. மேற்கோள் கணக்கில் அந்த வரவெல்லாம் ஃபார்பர் பக்கம்தான்.

எச்-இன்டெக்ஸ் 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு. தலா 20 முறையாவது மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் இன்டெக்ஸ் 20. சரி, மூன்றே கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 5,000 மேற்கோள் வாங்கியவருக்கு? வெறும் 3. இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. அதனால் முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடாதீர்கள். புற்றுநோய் ஆய்வாளரையும் ஒட்டுண்ணி ஆய்வாளரையும் ஒப்பிடுவதும் வீண். மேற்கோள் காட்ட ஆட்கள் எத்தனை பேர் என்பதே துறைக்குத் துறை மாறும்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆளின் தலையில் ஏற்றுவது அதைவிட மோசம். அது, இதழில் அண்மையில் வந்த கட்டுரைகள் தலா எத்தனை மேற்கோள் பெற்றன என்ற சராசரி. படிகவியல் இதழான ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ’வில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008ல் எழுதிய ஒரே கட்டுரையால், சுமார் 2 ஆக இருந்த இம்பாக்ட் ஃபேக்டர் 2009ல் 49ஐத் தாண்டியது. அதே இதழில் எழுதிய மற்றவர்களின் வேலை ஒரே இரவில் இருபது மடங்கு உயர்ந்துவிட்டதா என்ன?

பெயர்க் குழப்பம் தமிழர்களுக்குத் தனித் தலைவலி. தரவுத்தளங்கள் ‘எஸ். குமார்’ என்ற பெயரில் எத்தனையோ பேரை ஒன்றாக்கிவிடும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக ஒரு கட்டுரையிலும் இனிஷியலாக இன்னொன்றிலும் போட்டால் ஒரே ஆளை இரண்டாக்கிவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) எண் வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ஸ்காலர் எண்ணையும், ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் எண்ணையும் கலக்க வேண்டாம்: ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வெளிவரும் முன்பே இணையத்தில் போடப்படும் முன்வரைவுகளையும் எண்ணுவதால் அங்கே பொதுவாக எண் அதிகம் காட்டும்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 ‘லான்செட்’ கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு, பெரும்பாலானவை மறுத்து எழுதப்பட்டவை. எண்ணும் இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்றுதான், புகழும் ஒன்றுதான்.

எண் குறைவு என்றால் ஆள் குறைவு என்பது இதன் மறுபக்கம். காலரா கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959லேயே ‘நேச்சரில்’ காட்டினார். அதன் அருமை புரியப் பல ஆண்டுகள் ஆயின. அவர் 1985ல் இறந்த பிறகு அவருடைய பங்களிப்பை விரிவாக எழுதியவர்களில் ஒருவர், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் அட்டவணையையே உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு!

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? அதிக மேற்கோள் பெற்ற நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். மருத்துவ உயிரியலில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட கட்டுரையின் நடுவில் இருக்கும் பெயருக்கும் மேற்கோள் முழுசாகவே ஏறியிருக்கும். பிறகு அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் சிலவற்றைப் புரட்டி, எந்த வரியில், எதற்காகக் காட்டினார்கள் என்று படியுங்கள். அரை மணி நேர வேலைதான்.