எலும்பில் வைத்த உலோகத்தைச் சுற்றி வலி எழுந்தால்

தேயிலை மலையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் கண்டியிலோ பதுளையிலோ சத்திரசிகிச்சை முடிந்து, உள்ளே பிளேட்டோ செயற்கை இடுப்பு மூட்டோ வைக்கப்பட்ட நிலையில் லயத்துக்குத் திரும்புகிறார்கள். மாதங்கள் கழித்து அந்த இடம் வலித்தால், 'குளிருக்கு வலிக்கிறது' என்று தைலம் தடவுவதே நம் வழக்கம். ஆனால் படுத்திருக்கும்போதும் விடாத வலியையும், புதிதாகத் தோன்றும் வீக்கத்தையும் குளிரின் கணக்கில் எழுதக் கூடாது.

முதலில் விலக்க வேண்டியது கிருமித்தொற்று. காய்ச்சல், சிவப்பு, சீழ், ஆறாத காயம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அந்த இடத்தை உருவிவிடவோ பத்துப் போடவோ வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக் குளிசையை விழுங்கிவிட்டுப் போனால், மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம் என்பதால், அந்த 'முன்னெச்சரிக்கை' உண்மையில் கெடுதலே.

தொற்று இல்லையெனில், உலோகமே காரணமா என்று வைத்தியர் ஆராய்வார். தொடை எலும்பின் முனையில் வைக்கும் பந்தும், அது சுழலும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட்–குரோமியக் கலவையாக இருக்கும் இடுப்பு மூட்டுகளில், உராய்வால் உதிரும் நுண்துகள்களை எதிர்த்து நோயெதிர்ப்புக் கலங்கள் திரள்வதால், நீர் நிறைந்த போலிக்கட்டி உருவாகித் தசையும் எலும்பும் சிதையக்கூடும். அது புற்றுநோய் அன்று. இவ்வகையைச் சேர்ந்த டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. இரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் லீற்றருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை என்பது பிரித்தானிய வழிகாட்டல். எனினும் அந்த எண்ணை மட்டும் வைத்து மூட்டை அகற்றத் தீர்மானிப்பதில்லை, எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கிண்ணமுள்ள மூட்டிலோ, தேய்ந்த துகள்கள் வலியே இல்லாமல் எலும்பை அரிக்கலாம் என்பதால், நடக்க முடிகிறதே என்று கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

தோடோ கைக்கடிகாரமோ பட்டுத் தோல் அரிப்பவர்கள் நிக்கல் ஒவ்வாமை பற்றிச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தோல் அரித்தால் எலும்பும் ஏற்காது என்று பொருளில்லை.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்றே படங்கள், பொருத்திய உறுப்பின் பெயரும் இலக்கமும் உள்ள ஒட்டி ஆகியவற்றை, லயக்கூரை ஒழுகும் என்பதை நினைவில் வைத்து, பிளாஸ்டிக் பைக்குள் பாதுகாத்துக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டியது, வலி எப்போது தொடங்கியது என்பதை: முதல் நாளிலிருந்தே தீராத வலி தொற்றையும், நன்றாக நடந்த சில வருடங்களுக்குப் பின் எழும் வலி தளர்வையோ தேய்வையோ ஐயுறச் செய்யும்.