மருத்துவக் கருவிகளை இணையத்தில் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு மருத்துவக் கருவித் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு என்பிடெல், கோர்செரா போன்ற இணைய வகுப்புகள் நல்ல வழிதான். ஆனால் கருவியைப் படிக்கிற வேகத்தில், அது யார் உடம்பில் மாட்டப்படுகிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, இரண்டையும் ரத்தம் உறிஞ்சும் விகிதம். இதுவரை எல்லா வகுப்பிலும் வரும். அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ரத்தத்தைச் சோதித்துத் தயாரித்தது அது. அவர்களின் ஆக்சிஜன் அளவைச் சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது ஆபத்து. அதனால் 70க்குக் கீழே திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மூடிய அறையில் கரியடுப்புப் புகையில் மயங்கியவருக்கு, கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் கருவி 98 என்று காட்டலாம். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. நம் ஊரில் இதைத் தெரியாமல் வேலைக்கு வரவே கூடாது என்பேன். எந்தக் கருவியானாலும், எப்போது தவறாகக் காட்டும் என்று தெரிந்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

செயற்கை நுண்ணறிவு வகுப்புகளில் வேறொரு பள்ளம். எம்ஐடி-பிஐஎச் என்ற பொது ஈசிஜி தொகுப்பின் பதிவுகளை வைத்து, இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதி, 99 சதவீதம் துல்லியம் என்று மகிழ்கிறார்கள். அதில் இருப்பது 47 பேரின் பதிவுகள்தான். ஒரே நோயாளியின் இதயத்துடிப்புகள் நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியிலும் அதைச் சரிபார்க்கும் சோதனையிலும் கலந்திருந்தால் அந்த 99க்கு மதிப்பில்லை. நோயாளிவாரியாகப் பிரித்துச் சோதியுங்கள். இன்னொன்று: அவை அமெரிக்கப் பதிவுகள், மின் இணைப்பிலிருந்து பதிவில் கலக்கும் இரைச்சல் 60 ஹெர்ட்ஸ். அதை வடிகட்ட எழுதிய ஃபில்டரை நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குப் போட்டால் வேலை செய்யாது.

சட்டத்திலும் இதே கதைதான். அமெரிக்க வகுப்பில் கருவிகளுக்கு ஆபத்தின் அளவைப் பொறுத்து 1, 2, 3 என்று பிரிவுகள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி ஏ, பி, சி, டி. சென்னையில் வேலை தேடுபவர் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

பயோடேட்டாவில் ‘ஐஎஸ்ஓ 13485 சான்று பெற்றவர்’ என்று போடாதீர்கள். மருத்துவக் கருவித் துறைக்கான அந்தத் தரச்சான்று நிறுவனத்துக்குத் தரப்படுவது. நீங்கள் முடித்தது அதைப் பற்றிய பயிற்சி, அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, வீடியோ பார்த்த தைரியத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பழைய டிஃபிப்ரிலேட்டரை வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். பக்கத்து மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் அனுமதி கேட்டு, அவர்கள் பிரிக்கும்போது உடனிருந்து பாருங்கள்.