சிங்க்குக்குள் ஊற்றுவதற்கு முன்: வேதியியல் ஆய்வகக் கழிவைக் கையாளும் முறை

முதலில் கலன்களை வாங்கி வையுங்கள்; வேதியியல் எல்லாம் பிறகு. ஆய்வகத்தின் கழிவுப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கழிவு உருவாவதற்கு முன்பே அது போய்ச் சேரும் கலன் தயாராக இல்லையென்றால், எல்லாம் சிங்க்குக்குள்தான் போகும். மாணவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கையில் சோதனைக்குழாயுடன் நிற்பவர் கண்ணில் படுகிற ஓட்டையில்தான் ஊற்றுவார்.

குறைந்தது நான்கு கலன்கள் வேண்டும். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் போன்ற ஆலசன் (குளோரின், புரோமின் வகைத் தனிமங்கள்) உள்ள கரைப்பான்களுக்கு ஒன்று. எத்தனால், அசிட்டோன் போன்ற ஆலசன் இல்லாதவற்றுக்கு ஒன்று. ஈயம், குரோமியம், செம்பு போன்ற உலோகக் கரைசல்களுக்கு ஒன்று. வெள்ளிக்குத் தனியாக ஒன்று.

கரைப்பான்களுக்கு எதற்கு இரண்டு என்று எல்லோரும் கேட்பார்கள். ஆலசன் இல்லாத கரைப்பானைக் காய்ச்சி வடித்துக் கண்ணாடிக் கலன்களைக் கழுவ மறுபடியும் பயன்படுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகக்கூடப் போகும். அதில் ஒரு குவளை குளோரோஃபார்ம் விழுந்துவிட்டால் கதை மாறுகிறது. எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும் அபாயமும் உண்டு. மறுசுழற்சிக்குப் போக வேண்டிய முழுக் கலனும் சிறப்பு எரியுலைக்குரிய சரக்காகிவிடும். போதாக்குறைக்கு, அசிட்டோனும் குளோரோஃபார்மும் காரத்தின் முன்னிலையில் கடுமையாக வினைபுரியக்கூடியவை.

நைட்ரிக் அமிலத்தை இந்த இரண்டு கலன்களின் பக்கமே கொண்டு போகாதீர்கள். எத்தனாலோடு சேர்ந்தால் உடனே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கலாம், அதுதான் ஆபத்து. மூடியை இறுக்கிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உள்ளே வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். நைட்ரிக் அமிலக் கழிவை ஊற்ற எடுக்கும் பாட்டிலில் முன்பு கரைப்பான் இருந்ததா என்று பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

எந்தக் கலனையும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதல் சொட்டு விழும்போதே லேபிள் ஒட்டுங்கள்: பொருளின் முழுப்பெயர், தோராயமான அளவு, தேதி. ‘கழிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது லேபிளே அல்ல. என்னவென்று தெரியாத பாட்டிலைப் பரிசோதிக்காமல் எவரும் எடுத்துச் செல்ல மாட்டார்கள். தூக்கி எறிவதற்கு அதைவிடச் செலவு பிடிக்கும் பொருள் ஆய்வகத்தில் இல்லை.

ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் வினைப்பொருளை, அதாவது அம்மோனியா சேர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளி ஆடி பளபளவென்று வந்ததும் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிக் கரைசல் அம்மோனியாவோடு அப்படியே நிற்கும். விட்டுவைத்தால் அதில் வெள்ளி நைட்ரைடு உருவாகலாம். அது தொட்டாலே வெடிக்கும் வகை. அதனால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தயாரியுங்கள். வகுப்பு முடிந்ததும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து அமிலமாக்குங்கள். வெண்ணிறமாகப் படியும் வெள்ளிக் குளோரைடை வடிகட்டி வெள்ளிக் கலனில் சேருங்கள். ஆய்வகக் கழிவில் விலைபோகிற சரக்கு இது ஒன்றுதான் என்றே நினைக்கிறேன்.

பொட்டாசியம் டைகுரோமேட்டில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். கரைசலை அமிலமாக்கி, காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்து, சோடியம் பைசல்ஃபைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் மறைந்து பச்சையாகும். பிறகு காரம் சேர்த்து பி.ஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8 அல்லது 9 வரை கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு படியும். ஆர்வக்கோளாறில் காரத்தை அள்ளி ஊற்றினால் படிந்தது மறுபடி கரைந்துவிடும். நச்சு குறைந்துவிட்டாலும் அந்தச் சேறு உலோகக் கழிவுதான், குப்பைத்தொட்டிக்குரியது அல்ல.

உலோகக் கரைசலில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தண்ணீர் அடர்வைத்தான் குறைக்கும், உலோகத்தின் எடையை அல்ல. ஜப்பானின் மினமட்டா விரிகுடாவும் பெரிய நீர்ப்பரப்புதான். ஆலையிலிருந்து அதில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்களில் சேர்ந்து மனிதர்களுக்கு வந்தது. அதனால் வந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. உங்கள் ஆய்வகத்தில் இன்னும் பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால், உடைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

உலோகம் கலக்காத நீர்த்த அமிலங்களை மட்டும் ஆய்வகத்திலேயே முடித்துவிடலாம். சோடியம் பைகார்பனேட்டை நுரை அடங்கும்வரை தூவுங்கள், பி.ஹெச் தாள் 6க்கும் 8க்கும் இடையில் காட்டினால், வடிகாலில் விட உங்கள் நிறுவன விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இதைவிட நல்ல வழி, சோதனையையே சிறிதாக்குவது. வீழ்படிவின் நிறத்தைப் பார்க்கக் குழிப்பலகையில் சில சொட்டுகள் போதும். பத்து மில்லிலிட்டர் எதற்கு?

கடைசியாக, அலமாரியின் பின்வரிசை. ஈதர் பாட்டிலைத் திறக்கும் நாளன்றே தேதியை எழுதுங்கள். காற்றுப் பட்டால் அதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். பழைய ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தாலும், பிக்ரிக் அமிலம் காய்ந்து கிடந்தாலும் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், அசைத்தும் பார்க்காதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு, வெடிபொருளைக் கையாளத் தெரிந்தவர்களை அழையுங்கள்.