கம்பெனி நிறம் வேண்டுமா? முதலில் சுரண்டலை நிறுத்துங்கள்

மதுரை வட்டாரத்தில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல காலம் மூடிக் கிடந்த மாரிஸ், ஆஸ்டின் வண்டிகள் ஒரு பக்கம்; அரசு ஏலத்தில் கைமாறிய அம்பாசிடர்கள் இன்னொரு பக்கம். வண்டியைப் பட்டறையில் விடும்போது உரிமையாளர் சொல்வது ஒன்றுதான்: “கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிறமே வேண்டும்.” பட்டறையில் நடக்கும் முதல் வேலையோ, தகரம் தெரியும்வரை வண்டியைச் சுரண்டுவது. சுரண்டி முடித்த பிறகு “அசல் நிறம் என்ன?” என்று பேச்சு எழும். அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதற்குள் தூளாகித் தரையில் கிடக்கும்.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் திருத்தவே முடியாதது இதுதான். மற்றவற்றைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம்.

அசல் நிறம் பெரும்பாலும் வண்டியிலேயே ஒளிந்திருக்கும். பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியின் ரப்பர் விரிப்புக்கு அடியில், கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால், டேஷ்போர்டின் உள்முகத்தில், வண்டியின் பெயர்ச் சின்னமான மோனோகிராமைக் கழற்றினால் அதன் அடியில் என்று மறுபூச்சுக்காரரின் ஸ்ப்ரே கன் எட்டாத இடங்கள் பல உண்டு. வெளிப்பரப்பில் ஒரு மூலையை 400 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஓரங்களை 1000 எண்ணால் மென்மையாக்கினால் வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். மேலே இன்றைய வெள்ளை, அதன்கீழ் யாரோ ஆசைப்பட்டு அடித்த மெரூன், அதற்கும் கீழே ஒரு சாம்பல் பச்சை, பிறகு ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, கடைசியில் தகரம். ப்ரைமருக்கு நேர் மேலே இருப்பதுதான் அசல் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கதவோ மட்கார்டோ வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். குறைந்தது நான்கு இடங்களில் ஒரே நிறம் வந்தால்தான் நம்பலாம். பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உலர்ந்த எமரியை வைத்துத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும்.

ஒளிந்திருக்கும் நிறத்திலும் ஒரு பொறி உண்டு. எண்ணெய் சார்ந்த எனாமல், வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளித்துவிடும். இருக்கைக்கு அடியில் கிரீம் நிறம் கிடைத்தால் அது உண்மையில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் கழற்ற முடிந்த ஒரு பாகத்தை எடுத்து, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிச் சில நாள் வெயிலில் வையுங்கள். மூடாத பாதி வெளுத்துவந்தால் அந்தக் கிரீம் வயதின் வேலை. வெளிப்பரப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு: வெயிலில் நிறம் செத்து, தொட்டால் சுண்ணாம்பு போல் ஒட்டும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, உயிருள்ள அடுக்கு தெரிந்த பிறகே அதை நிறம் என்று கொள்ள வேண்டும்.

அடுத்து, கைப்பேசித் திரையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கும் பழக்கம். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு கைப்பேசிகளில் ஒரே படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாலே போதும். ஊகங்களும் இதே ரகம்தான். அம்பாசிடர் என்றால் வெள்ளை என்று நினைப்பது அரசு வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணின் கோளாறு. மிகப் பழைய கார் என்றால் கறுப்பு என்று நினைப்பதும் அப்படியே. கறுப்புக்கே பெயர்போன ஃபோர்டு மாடல் டி, 1914 முதல் 1925 வரைதான் கறுப்பில் மட்டும் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் உண்டு. வெளிநாட்டு நிற அட்டவணையை அப்படியே நம்புவதும் ஆபத்து. 1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களின் பாகங்களை இங்கேதான் பூட்டி வண்டியாக்கியது. அப்படிப்பட்ட வண்டிக்கு இங்கிலாந்து அட்டவணை துணைச்சாட்சி மட்டுமே. வண்டி சொல்வதே முதல் சாட்சி.

மாதிரி கிடைத்ததும் கணினியில் நிறம் கலக்கும் கடைக்குப் போவீர்கள். அங்கே நிறத்தை அளக்கும் கருவி தரும் கலவைச் சூத்திரம் தொடக்கம்தான், முடிவல்ல. அந்தக் காலத்து மஞ்சள், பச்சைப் பூச்சுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்தன. இன்று கலக்கப்படுபவை வேறு. நிறமிகள் மாறும்போது, டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்துகிற நிறம் வெயிலில் விலகி நிற்கும். ஆகவே கடை மேசையில் நின்று தலையாட்டிவிட்டு வரக் கூடாது. கலவையை ஒரு தகரத்துண்டில் அடித்து, உலரவிட்டு, காலை வெயிலிலும் நிழலிலும் மாதிரியோடு சேர்த்துப் பாருங்கள். எல்லா வெளிச்சத்திலும் பொருந்தவில்லை என்றால் வெயிலில் பொருந்துவதையே எடுங்கள் என்பேன்.

நிறம் சரியாக அமைந்தும் கார் பொய்யாகத் தெரிவதுண்டு. காரணம், பளபளப்பு. அறுபதுகள் வரையிலான வண்டிகளில் நிறமே மேல்பூச்சு; அதன்மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு கிடையாது. இன்றைய பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் கிளியர் கோட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. ஃபியட் 1100-இன் உருண்ட பானட்டில் அந்தக் கண்ணாடி மினுமினுப்பு கொஞ்சமும் ஒட்டவில்லை. கிளியர் இல்லாமலே பளபளப்புத் தரும் ஒற்றை நிற 2கே பூச்சு (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) கிடைக்கிறது. அதை அடித்து, லேசாகப் பாலிஷ் போட்டால் பழைய தோற்றத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சுத்த அசல்தான் வேண்டும் என்பவர்கள் என்.சி. எனப்படும் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்குப் போகலாம். ஆனால் எனாமல் மேல் என்.சி. அடித்தால் அதன் தின்னர் அடியிலுள்ள எனாமலை இளக்கித் தோலைச் சுருட்டிவிடும். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற பெயிண்டர் அண்ணனுக்குக் காற்றுக்குழாய் இணைத்த முகமூடி கிடைக்க ஏற்பாடு செய்யாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

ஊர் வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வேகமாக உலரும் தின்னரைப் பயன்படுத்தினால் பூச்சு தகரத்தில் பரவுவதற்குள் காய்ந்து, பரப்பு மேடும் பள்ளமுமாக நிற்கும். மெதுவாக உலரும் தின்னர் கேளுங்கள். ஆடிக் காற்றில் திறந்த கொட்டகையில் அடித்தால் தெருப்புழுதி முழுவதும் பூச்சில்தான். ஐப்பசி ஈரத்தில் என்.சி. பூச்சு பால் படர்ந்ததுபோல் வெளுத்துப்போகும். தை, மாசிதான் நல்ல காலம். முகூர்த்தம் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பூச்சு வேலையில் சேசிஸ் எண் பொறித்த இடத்தைப் பட்டி போட்டு நிரவுவதும், எமரியால் மழுக்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் எண் படிக்க முடியாவிட்டால் வண்டியின் அடையாளமே கேள்விக்குறியாகும். பட்டறைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி, பட்டறைக்காரரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் ஒரு பதிவு என்பதைப் பலர் வேலை முடிந்த பிறகே நினைக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் வெள்ளைக்கு மாற்றிப் பதிந்திருந்தால், நீங்கள் அசல் பச்சைக்குத் திரும்புவதும் சட்டத்தின் கண்ணில் நிறமாற்றமே. ஆகவே அதையும் ஆர்டிஓவிடம் பதிய வேண்டும். 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி என்றால் 2021-இல் வந்த விதிப்படி ‘விஏ’ எழுத்துகள் கொண்ட பழமைப் பதிவு எண் கேட்கலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். தினமும் கடைக்குப் போக வண்டி வேண்டும் என்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.