முண்டு மிளகாய் வெங்காயப் பக்கோடா: மழைநாளுக்கு ஒரு செய்முறை

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகுகள் கரையில்தான் கிடக்கும். மீன் வராத அந்த நாட்களில் சாயங்காலப் பசிக்கு வெங்காயமும் கடலை மாவும் போதும். அடுப்படிக்குப் புதியவர்களும் துணிந்து செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: மாவில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நான்கு பேருக்குத் தேவையானவை: நடுத்தர அளவில் பெரிய வெங்காயம் 3, கடலை மாவு 1 கப், அரிசி மாவு கால் கப், முண்டு மிளகாய் 5, பூண்டு 5 பல், சோம்பு 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து, உப்பு முக்கால் தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய்.

முதலில் மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். மழைக்காலத்தில் கையில் இருப்பது முந்தைய அறுவடையின் வற்றல். கடற்காற்றின் ஈரத்தில் அது நமுத்துப்போயிருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் பிய்த்து உள்ளே பாருங்கள். பூஞ்சை படிந்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். நல்லதை மட்டும் வெறும் சட்டியில் சிறு தீயில் மொறுமொறுவென வறுத்து, சோம்போடு சேர்த்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போயிருந்தால் அம்மி போதும். கடையில் வாங்கிய மிளகாய்த்தூள் நிறம் தரும், இந்த வாசனை தராது.

அடுத்து வெங்காயம். நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கி, உப்புப் போட்டு, இதழ் இதழாகப் பிரியும்படி கையால் நன்றாகப் பிசறுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும்; மாவைப் பிடித்து நிறுத்த அந்த ஈரமே போதும். தனியாகத் தண்ணீர் ஊற்றினால் மாவு கூழாகி, எண்ணெய் குடித்து, பக்கோடா போண்டா மாதிரி ஆகிவிடும்.

இடித்த மிளகாய், நசுக்கிய பூண்டு, துணியில் ஈரம் ஒற்றிய கறிவேப்பிலை, இரண்டு மாவு எல்லாவற்றையும் வெங்காயத்தோடு சேர்த்துப் பிசறுங்கள். மொறுமொறுப்பைத் தருவது அரிசி மாவு, அதைக் குறைக்காதீர்கள். சூடான எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விட்டு, முதலில் கரண்டியாலும் பிறகு கையாலும் கலந்துவிடுங்கள். உதிரி உதிரியாக, மாவு பூசியும் பூசாமலும் இருப்பதுதான் சரியான பதம்.

எண்ணெயில் துளி மாவைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலெழ வேண்டும். தீயை மிதமாக்கிவிட்டு, உருட்டாமல் விரல்களால் உதிர்த்துப் போடுங்கள். சட்டியை நிரப்பாதீர்கள். அரை நிமிடம் கரண்டி படக் கூடாது, அதன்பின் திருப்பிவிடலாம். ஈரக் கரண்டி, ஈரக் கை இரண்டும் எண்ணெய் அருகே வேண்டாம், தெறிக்கும். நான்கைந்து நிமிடத்தில் சலசலப்பு அடங்கி, நிறம் பொன்னிறம் தாண்டிச் சிவக்கத் தொடங்கும்போது அள்ளிவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் நிறம் கொஞ்சம் ஏறும்.

அள்ளியதைக் கம்பி வடிகட்டியில் பரப்பி வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவியிலேயே வதங்கிவிடும். இந்தக் கரையோர ஈரத்தில் சற்று நேரம் திறந்திருந்தாலும் நமுத்துப்போகும் என்பதால், எல்லோரும் உட்கார்ந்த பிறகு பொரிப்பதே என் வழக்கம். கூடவே கருப்பட்டிக் காப்பி. தேநீர் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

அசைவம் விரும்பினால் ஒரு கைப்பிடி காய்ந்த கூனி இறால் சேர்க்கலாம். மணல் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் முழுக்க வற்றும்வரை வறுத்து, மாவோடு கலந்துவிடுங்கள். உப்புப் போட்டுக் காயவைத்த கூனி என்றால் மேலே சொன்ன உப்பில் பாதி போதும்.